மேல்சபை மாப்பிள்ளை

1956 ஜூலை 7, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றில் நான்கு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அப்பாவின் காரியத்துக்காக மழித்த தலையில் முடி அரும்பத் தொடங்கியிருந்ததால் துண்டு சிக்கிச் சிக்கி வந்தது. கடற்கரையில் வைத்திக்குப்பத்துப் படகுகள் தெரியும் தூரம் வரை நடந்துவிட்டு, திரும்பும் வழியில் ரொட்டிக்கடையில் இரண்டு ரொட்டி வாங்கினேன். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று மாடியில் இருந்தவருக்கு. காலையில் இட்லி சாப்பிட்டால் பேச்சு மந்தமாகிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அன்று அவர் பேச வேண்டிய இடம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமையானதால் நண்பகல் வரைதான் அலுவலகம். புதுச்சேரியில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் ஆகியவற்றைப் பதிகிற எத்தா சிவில் அலுவலகத்தில் எனக்கு வேலை. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகவிருந்தது; நாங்கள் நிரப்பிய தாள்கள் அப்போதும் பிரெஞ்சில்தான் இருந்தன. அப்பாவின் இறப்பை மகனான நானே பதிவது சரியாக இராது என்று பக்கத்து மேசைக்காரர் பதிந்து கொடுத்திருந்தார். ஜூன் 20, புதன்கிழமை, அதிகாலை. அந்தத் தேதியை நான் ஒருமுறைதான் பார்த்தேன். மாடியில் இருந்தவர் அதைப் பலமுறை பார்த்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

மாடியில் இருந்தவர் என் தங்கையின் கணவர். கடலூரில் வக்கீல். சென்னை மாநிலத்தின் சார்பில் டில்லி மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அந்தச் சபைக்கு ஜனங்கள் ஓட்டுப் போடுவதில்லை, சட்டசபை உறுப்பினர்கள்தான் போடுகிறார்கள். ஜனங்கள் போட்டிருந்தால் அவர் எங்கும் போயிருக்க மாட்டார் என்று அப்போதே என் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இப்போதும் அதை மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து தங்கை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கீழே நாங்களும் அப்பாவும், மாடியில் அவள்; இரவில் மட்டும் கீழே அப்பாவின் காலடியில் பாய் போடுவாள். சபை கூடாத நாட்களில் அவரும் கடலூருக்குப் போகாமல் இங்கேயே வந்து தங்கிவிடுவார். கடலூர் வீட்டில் அவருடைய அண்ணன் தம்பிகள் நான்கு பேர், அவர்கள் குடும்பங்கள், ஓயாத சத்தம். இங்கே மாடியில் கடல் காற்று வரும். கேட்க ஆளும் உண்டு.

அவர் பேசுவதை ஊரே கேட்டிருக்கும். சாப்பாட்டுக்குப் பின் மாடிக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே "சபைத் தலைவர் அவர்களே!" என்று ஆரம்பிப்பார். கீழே அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே நடை நிற்கும். அங்கே நின்றுதான் அவருக்கு உணர்ச்சி வரும். பேச இயலாத அப்பா கண்ணை மட்டும் உயர்த்தி மேலே பார்ப்பார்.

டில்லியில் அவர் பேசியதெல்லாம் அச்சாகித் தபாலில் வரும். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் ஒருவரைப் பிடிக்காவிட்டால் அவர் சொல்வதைச் சரியாகத் தெரிந்துகொண்டு பிடிக்காமல் இருப்பது நல்லது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாகப் படித்தேன். ரயில் பெட்டியில் விசிறி சுற்றவில்லை என்று ஒரு கேள்வி. ரயில் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று இன்னொன்று. தபால் தாமதம் பற்றி ஒரு நீண்ட பேச்சு. அவருடைய சொந்தக் கடிதம் ஒன்று தாமதமானதுதான் அதற்குக் காரணம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரி பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதுச்சேரியில் இருந்து சாப்பிடுகிறார் என்பதற்குக்கூட அதில் சாட்சி இல்லை.

ஓட்டுப் போடுவது பற்றி அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "நாங்க காபி குடிச்சிக்கிட்டு இருப்போம் மச்சான். மணி அடிக்கும். ஓடிப்போய் உட்கார்ந்துடணும், கதவ சாத்திடுவாங்க. கொறடா எந்தப் பக்கம் கை காட்டுறாரோ அந்தப் பக்கம்."

"எதுக்கு ஓட்டுன்னு கேட்டுக்க மாட்டீங்களா மாப்ள?"

"கேட்டுக்கிட்டு இருந்தா கதவ சாத்திடுவாங்களே!"

பெரும்பாலும் அந்த மணிகூட அடிப்பதில்லை. சபைத் தலைவர் ஒவ்வொரு ஷரத்தாக வாசித்து, ஒப்புக்கொள்பவர்கள் ஆம் என்க என்பார். எல்லோரும் வாயால் ஆம் என்பார்கள். முடிந்தது. அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். இலை போட்டதும், "கத்திரிக்கா குழம்பு என்போர் ஆம் என்க" என்பார். தானே "ஆம்" என்பார். என் மனைவி அன்று முருங்கைக்காய்தான் வைத்திருப்பாள்.

போகட்டும். அவர் டில்லியில் பேசிய பேச்சுகளில் கைதட்டல் வாங்கியது ஒன்றுதான். இந்து வாரிசுரிமைச் சட்டம் சபைக்கு வந்தபோது, அப்பன் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு வேண்டும் என்று பேசினார். அதில் ஒரு மகள் வருகிறாள். நோயாளித் தகப்பனின் காலடியில் பாய் போட்டுப் படுத்து, அவர் புரண்டால் விழித்து, அவர் வாயைத் துடைத்துவிடுகிற மகள். அவளுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லையே என்று கேட்டார். சபையில் 'கேளுங்கள், கேளுங்கள்' என்று குரல்கள் எழுந்ததாக அச்சிட்டிருந்தது. அந்தப் பேச்சைத் தமிழில் பெயர்த்து, தனியாக அச்சடித்து, கடலூர் வக்கீல்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு பிரதியைத் தங்கைக்கும் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, "வாயத் தொடச்சி விடுறதப் பத்தி எழுதியிருக்கீங்க. அப்பா வேட்டிய யாரு தொவைக்கிறதுன்னு எழுதல" என்றாள். அவர் சிரித்தார்.

மே மாதத்தில் ஒரு நாள், அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே தங்கை என்னிடம் கேட்டாள்.

"அப்பா போயிட்டா நான் கடலூர் போவணுமா அண்ணே?"

"ஏன், போனா என்ன?"

"அவரு டில்லி போயிட்டா எனக்கு அங்க நெல்லு மூட்ட போட்ட அறைதான். நாலு ஓரகத்திங்க. ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னா நாலு பேரக் கேக்கணும். இந்த மாடி போதும் எனக்கு."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமானவள், குழந்தை இல்லை. அவள் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மாடியை வேறு விதமாக எண்ணி வைத்திருந்தேன். புதிய நிர்வாகத்தில் வேலை பார்க்க வெளியூரிலிருந்து அதிகாரிகள் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்த காலம். நல்ல வீடு தேடி அலைந்தார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மதியம் நான் வீடு திரும்பியபோது அவர் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார்.

"மச்சான், சாயந்திரம் நொத்தேர வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வீட்ல இருக்கணும்."

நொத்தேர் என்றால் எங்கள் ஊரில் சொத்துப் பத்திரங்களை எழுதிப் பதிகிற அதிகாரி.

"என் வீட்ல நான் இல்லாம எங்க மாப்ள போறேன்?"

"அதத்தான் பேசப் போறோம், யார் வீடுன்னு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. காரியத்தன்று அவர் ஒரு உறவினரிடம், "மாமா என் சட்டத்துக்காக மூணு நாள் காத்திருந்துல்ல போயிருக்கார்!" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. துக்க வீட்டில் உளறுகிறார் என்று விட்டிருந்தேன். உளறவில்லை. ஜூன் 17 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. ஜூன் 20 அன்று அப்பா போனார். பிணத்தை வாசலில் வைத்திருந்தபோதே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்.

ஆனால் நானும் சும்மா இருந்தவனில்லை. சட்டத்தின் அச்சுப் பிரதி அவருடைய தபாலில் வந்திருந்தது. அவர் அதைப் பிரித்து, மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு மூடி வைத்துவிட்டார். நான் கடைசிவரை படித்தேன். அதில் ஒரு ஷரத்து இருந்தது. அவர் எப்போதாவது பாதி வீடு கேட்டால் எடுத்து வீசலாம் என்று அதை மனதில் வைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு நொத்தேர் வந்தார். எழுபது வயதிருக்கும். பரம்பரையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். மகன்கள் இருவர் அயல்நாட்டில் உத்தியோகம். வெள்ளைக் கோட்டு, கையில் தொப்பி. கூடத்தில் நாற்காலி போட்டோம். என் மனைவி காபி கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். தங்கை மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்தாள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். மூன்று பேர் இருந்தாலும் அவருக்கு நின்றுதான் பேச வரும்.

"பதினேழாம் தேதி சட்டமாயிடுச்சு. இருபதாம் தேதி மாமா காலமானார். உயில் கெடையாது. சட்டப்படி மகனும் மகளும் சமம். ஆக, இந்த வீட்ல சரிபாதி என் மனைவிக்கு. பேப்பர் எழுதிடலாம்."

"பாதின்னா எந்தப் பாதி?" என்றாள் என் மனைவி, வாசலை விட்டு அசையாமல். "அடுப்பங்கரையா, கக்கூஸா?"

"மாடி."

"அப்ப ரெண்டு வருஷமா நாங்க வடிச்சிக் கொட்டுன சோறு எந்தப் பாதியில வரும்?"

"தாயி, கொஞ்சம் இரு" என்றார் நொத்தேர். காபியை முழுக்கக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்து, வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். மேல்சபை உறுப்பினரை அவர் பிரெஞ்சு முறைப்படிதான் அழைப்பார்.

"முசியே செனத்தேர், நீங்க போட்ட சட்டம் ரொம்ப நல்ல சட்டம். ஆனா அது இங்க வரலியே."

"வரலன்னா?"

"கடலூர் ரோட்ல முள்ளோடை எல்லை வரைக்கும் வந்துச்சு. அதத் தாண்டி இந்தப் பக்கம் வரல."

"இந்தியா முழுமைக்கும்னு போட்டிருக்கு! நானே ஓட்டுப் போட்டேன்!"

"போட்டிருக்கும். இந்த ஊரு இன்னும் அந்த முழுமைக்குள்ள வரல. அம்பத்து நாலுல நிர்வாகம் கை மாறிச்சு. சட்டப்படி ஊரு மாறல. மே மாசந்தான் ஒப்பந்தத்துல கையெழுத்தாச்சு. பாரிசுல ரெண்டு சபையும் அத ஒத்துக்கணும். அதுவரைக்கும் இங்க உள்ள இந்துங்களுக்குப் பழைய வழக்கந்தான். ஆம்பளப் புள்ள இருக்கும்போது பொண்ணுக்குப் பங்கு இல்ல."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். நின்று பேசிக்கொண்டிருந்தவர் பேச்சின் நடுவில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வாரிசுரிமை பற்றி நாட்டுக்கே சட்டம் செய்தவர். அதைச் செய்துவிட்டு வந்து படுக்கிற வீட்டுக்கு அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் முள்ளோடையைத் தாண்டித்தான் பஸ்ஸில் வந்தார்.

எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"மாப்ள, பாரிசுலயும் ஒரு மேல்சபை இருக்காம். போய் ஒரு பேச்சுப் பேசிட்டு வாங்களேன்."

"கேஸ் போடுவேன்!"

"போடுங்க. இங்க கோர்ட்டுல பிரெஞ்சுலதான் பேசணும். 'சபைத் தலைவர் அவர்களே'ன்னா ஒருத்தருக்கும் புரியாது."

சமையலறை வாசலில் என் மனைவி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். இதை எழுதும் 1962இல், பாரிசின் இரண்டு சபைகளும் ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டன. அந்தச் சட்டம் மட்டும் இன்னும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. அன்று எனக்குக் கிடைத்த வெற்றி அவ்வளவு முழுமையானது. அங்கேயே அது முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் முகம் கறுத்து எழுந்தார். படிக்கட்டைப் பார்த்தார்.

"கெளம்பு. மூட்டையக் கட்டு. இன்னிக்கே கடலூர் போறோம். இந்த வீட்ல ஒரு வாய் தண்ணி இனிமே குடிக்கக் கூடாது."

தங்கை எழுந்திருக்கவில்லை.

"நீங்க டில்லி எப்ப போறீங்க?"

"இந்த மாசக் கடைசியில சபை கூடுது."

"அப்பறம் நானு?"

"அங்க நாலு பேரு இருக்காங்கல்ல?"

அவள் நொத்தேரைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்தச் சட்டம் இங்கயும் செல்லும்னே வெச்சிக்குங்க. அப்ப இந்த மாடி எனக்கு உண்டா?"

"உண்டுன்னுதான சொல்லிக்கிட்டிருக்கேன், சரிபாதி..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"உங்கள கேக்கல."

நொத்தேர், "எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது தாயி. அந்தச் சட்டத்த நான் முழுசாப் பார்க்கல" என்றார்.

என்னிடம் ஷரத்து இருந்தது. அதற்கு அப்போது அவசியமே இல்லை, விளையாட்டு முடிந்துவிட்டது. ஆனால் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்ததை உபயோகிக்காமல் விட மனம் வரவில்லை. மேசைமேல் அவர் வைத்திருந்த அச்சுப் பிரதியை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, தமிழில் சொன்னேன். குடும்பம் வசிக்கிற வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, பெண் வாரிசு அதைப் பிரித்துக் கேட்க முடியாது. அதுவரை மகள் அந்த வீட்டில் குடியிருக்கலாம். ஆனால் அவள் கல்யாணமாகாதவளாகவோ, விதவையாகவோ, கணவன் கைவிட்டவளாகவோ, கணவனைப் பிரிந்தவளாகவோ இருந்தால் மட்டும்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள்.

படித்தேன்.

"புருஷனோட இருக்குறவளுக்கு?"

"இல்ல. பேருக்குப் பங்கு உண்டு. நானாப் பிரிக்கிற வரைக்கும் கையில வராது. குடியிருக்கவும் முடியாது."

அவள் படியிலிருந்து இறங்கி வந்தாள். கணவருக்கு எதிரே நின்றாள்.

"இதப் படிச்சப்ப நீங்க என்னா சொன்னீங்க அங்க?"

"எத?"

"அண்ணன் படிச்சத. அங்க படிச்சிருப்பாங்கல்ல?"

"அது... ஷரத்து ஷரத்தா வரும். தலைவர் கேப்பார். எல்லாரும் ஆம்னு சொல்லுவோம். முப்பது வாட்டி சொல்லணும், தொண்டை வறண்டுடும்."

"நீங்க சொன்னீங்களா?"

"எல்லாருந்தான் சொன்னாங்க!"

"எல்லாரும் அவங்க பொண்டாட்டிய வெச்சிப் பேசல. நீங்க பேசுனீங்க. காலடியில பாய் போட்டுப் படுத்தவன்னு."

"பேச்சு வேற, ஷரத்து வேற. ஒனக்கு அதெல்லாம் புரியாது."

"புரிஞ்சிடுச்சு" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல், கடைக்காரரிடம் எது வேண்டும் என்று சொல்வதுபோல, "அப்ப நான் பிரிஞ்சவ" என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "கோவத்துல பேசுறா."

"கோவமில்ல. நீங்க ஆம்னு சொன்ன சட்டத்துல எனக்கு இருக்குற வழி அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீங்க என்ன கைவிடணும், இல்ல நீங்க சாவணும்."

"மூளை கெட்டுப்போச்சாடி? நாலு பேரு முன்னாடி என் மரியாதை என்னாவறது? டில்லியில நான் எப்படித் தலை நிமிர்ந்து..."

"டில்லியில யாரு கேக்கப் போறா? பொண்டாட்டி எங்கன்னு அங்க கேள்வி கேக்குற வழக்கம் உண்டா?"

நொத்தேர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "தாயி, இதெல்லாம் நான் எழுத முடியாது. அது வேற கோர்ட்டு, வேற காரியம்."

"நீங்க எழுத வேணாம் ஐயா." அவள் என் பக்கம் திரும்பினாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும், படித்துக் காட்டியவன் நான். "அண்ணே, அவரு சட்டம் முள்ளோடையோட நின்னு போச்சு. இங்க எனக்கு எதுவும் கெடையாது, தெரியும். பாதி வேணாம். பேப்பர் வேணாம். நீ படிச்சியே, பிரிஞ்சவ குடியிருக்கலாம்னு. அந்த ஒரு வரிய மட்டும் நீ இந்த வீட்டுக்குள்ள உடு."

"நல்லா இருக்கே!" என்றாள் என் மனைவி. "அவரு கட்டுன தாலிக்கு நாங்க சோறு போடணுமா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் மாட்டேன் என்பேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மாடியை வாடகைக்கு விட நான் ஆள் பார்ப்பது அவருக்குத் தெரியும். என் கஞ்சத்தனத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, சட்டத்தின் மேல் இருந்ததைவிடப் பெரியது. "கேளு, கேளு. ஒன் அண்ணன் சொல்லட்டும்" என்றார். உதட்டோரத்தில் சிரிப்புகூடத் திரும்பிவிட்டது.

"இருக்கட்டும்" என்றேன்.

"என்னாங்க?" என்றாள் என் மனைவி.

"மாடியில இருக்கட்டும். அவ இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

தங்கையின்மேல் வைத்த பாசத்தால் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். அன்றைய நாட்குறிப்பில் அப்படி இல்லை. அவர் உதட்டோரம் இறங்கியதைப் பார்த்தேன் என்றுதான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காக மாடி வாடகையை விட்டுக்கொடுத்தேன், விலை எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

நொத்தேர் எழுந்து, எல்லோருக்கும் பொதுவாகத் தலையை அசைத்து, வெளியே போனார். தெருமுனை வரை அவரைக் கொண்டுபோய் விட்டேன். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "ஒங்க அப்பா பேச முடியாமப் போனது ஒங்களுக்கு நல்லது முசியே. பேசியிருந்தா உயில் எழுதச் சொல்லியிருப்பார்" என்றார். யாருக்கு எழுதச் சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தன் தோல்பெட்டியைக் கீழே கொண்டுவந்திருந்தார். சபைப் புத்தகங்களைக் கயிற்றால் கட்டியிருந்தார். படிக்கட்டின் கீழே நின்று, மேலே பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஒரு மாசம் பார்ப்பேன். நீயா வருவே. நான் வந்து கூப்புட மாட்டேன், சொல்லிட்டேன்!"

"வேணாம்" என்று மேலிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான்.

"மச்சான், நீங்க இதுக்கு வருத்தப்படுவீங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மாப்ள. கதவ சாத்திடுவாங்க."

புத்தகக் கட்டைத் தூக்கிக்கொள்ள அவருக்கு உதவி தேவைப்பட்டது. நான் உதவவில்லை. பெட்டி ஒரு கையிலும் கட்டு ஒரு கையிலுமாக, வேட்டி முனையை எதனால் பிடிப்பது என்று தெரியாமல் தெருவில் போனார். எதிர் வீட்டுக்காரர் வணக்கம் சொன்னார். பதிலுக்குக் கை தூக்க முடியாமல் கட்டைத் தூக்கிக் காட்டினார். அதன் பிறகும் பதவிக் காலம் முடியும்வரை அவர் சபையில் பேசிக்கொண்டுதான் இருந்தார். பெண்ணுரிமை பற்றி இன்னும் இரண்டு முறை பேசினார் என்று கேள்வி. புத்தகங்கள் இங்கே வருவது நின்றுவிட்டதால் நான் படிக்கவில்லை. என் ஆங்கிலமும் அதோடு நின்றுபோயிற்று.

இருட்டும் நேரத்தில் என் மனைவி சோற்றைத் தட்டில் போட்டு, "கூப்புடுங்க ஒங்க தங்கச்சிய. பிரிஞ்சவளுக்கும் பசிக்கும்ல?" என்றாள். நான் மாடிக்குப் போனேன். தங்கை கூடத்தில், அவர் நடந்து நடந்து தேய்த்த இடத்தில், ஒரு துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புட வா."

"வேணாம் அண்ணே."

"கோவமா?"

"அண்ணி கையில சாப்புட்டா நான் அண்ணிக்கு ஓரகத்தியாயிடுவேன். கடலூர்லயே அது இருக்கே. நாளையிலேருந்து மாடியில தனியாப் பொங்கிக்கிறேன். பிரிஞ்சவன்னா முழுக்கப் பிரிஞ்சிடணும்."

"எதுல பொங்குவே?"

"அப்பாவுக்குக் கஞ்சி காச்சுன கரி அடுப்பு இருக்கு. அரிசி கொஞ்சம் இருக்கு."

நான் திரும்பினேன். அவள் துடைப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"நீ எனக்காகச் சொல்லல. தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவரு மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் சொன்னே. பரவாயில்ல. எதுக்குச் சொன்னா என்னா, சொல்லிட்டே. ஆனா அதுக்கு நான் ஒனக்குக் கடமப்பட்டவன்னு நெனச்சிக்காத."

கீழே வந்து சாப்பிட்டேன். நாட்குறிப்பு எழுதினேன். மேலே நடமாட்டம் இருந்தது, யாரும் பேசவில்லை. அவள் படிக்கட்டின் மேல்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். குளிப்பதற்கு முன்பே சட்டையைப் போட்டுக்கொண்டு கரிக்கடைக்குப் போய், கதவைத் தட்டிக் கடைக்காரரை எழுப்பி, ஒரு மூட்டை அடுப்புக்கரி வாங்கி வந்து, மாடிப்படியின் மேல்தட்டில், சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு, கூப்பிடாமல் இறங்கினேன்.